பதினொன்றரைக்குத் தோட்டத்தில் யார்?

ஏப்ரல் 3

வீட்டுக்காரருக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். இங்கே வந்து ஐந்து வாரம் ஆகிறது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் பற்றிக்கொள்கிறது. அதனால் இனிமேல் கடிதம்தான். எழுதும்போது குறுக்கே பேச முடியாதல்லவா, அந்த ஒரு நிம்மதி.

ஆஸ்பத்திரி ஆய்வகம் பெரியது. எனக்கு இரத்தப் பிரிவு. காலை ஏழரைக்கு மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தால் மூன்று மணிவரை கழுத்தை நிமிர்த்த முடிவதில்லை. தங்கும் விடுதியில் அறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள் தெரிகின்றன. மருந்துக்குக்கூட ஒரு பச்சை இலை கிடையாது.

நேற்று பெரிய டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். ஆறு மாதப் பயிற்சி முடிந்தபிறகு இங்கேயே நிரந்தரமாக இருந்துவிட விருப்பமா என்று கேட்டார். மே பதினைந்துக்குள் எழுத்தில் பதில் தரவேண்டுமாம். நான் இன்னும் பிடிகொடுத்துப் பேசவில்லை. அதற்குமுன் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்.

பிப்ரவரியில் பயிற்சி உத்தரவு வந்தபோது போவதா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பரணிலிருந்து பெட்டியை இறக்கி, தூசி தட்டி, கட்டில்மேல் வைத்துவிட்டு, "போயிட்டு வா. நீ இல்லைன்னா எனக்கு ஒண்ணும் ஆயிடாது" என்றீர்கள். பதினொரு வருடம் குடித்தனம் செய்தவளிடம் சொல்கிற பேச்சா அது? அன்றைக்கு உங்களுக்கு அப்படி என்ன அவசரம்? இதற்குப் பதில் தெரிந்தால்தான் டாக்டரம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியும்.

தோட்டம் எப்படி இருக்கிறது? வெண்டை, வெள்ளரி, பூசணி, பீர்க்கு, ஓரத்தில் புதினா, இத்தனையும் விதைத்தும் நட்டும்தான் வந்தேன். நீங்களோ கொத்தமல்லி முளையைக் களை என்று பிடுங்கிப் போட்ட மனிதர். கோடை வேறு தொடங்கிவிட்டது. ஏதாவது மிச்சம் இருந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் வழியனுப்பி வைத்தவள்

* * *

ஏப்ரல் 9

மைக்ரோஸ்கோப் அம்மாளுக்கு,

மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாயே, வந்து பார்த்தால் அசந்துபோவாய். ஆலை வாசலில் எந்த லாரி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று பதினாறு வருடம் எழுதிய கை இது. சும்மா இருக்குமா? தோட்டத்துக்கும் ஒரு ரெஜிஸ்டர் போட்டுவிட்டேன். அதைப் பார்த்தே எழுதுகிறேன்.

வெண்டை இடுப்பளவு வந்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிறேன். இரண்டு நாள் ஏமாந்தால் காய் முற்றி நாராகிவிடுகிறது. பூசணியில் ஆண்பூ, பெண்பூ அடையாளம் தெரிந்துகொண்டேன். பெண்பூவின் அடியில் குண்டாக ஒரு பிஞ்சு இருக்கும். ஆண்பூவைக் கிள்ளி, இதழை உரித்து, காலை ஏழு மணிக்குள் பெண்பூவில் தொட்டு வைத்தால் காய் பிடிக்கிறது. பத்து மணிக்கெல்லாம் பூ சுருங்கிவிடும். பீர்க்கு நேர்மாறு, மாலை ஐந்து மணிக்குத்தான் கண்விழிக்கும். வெள்ளரி இலை மதியம் ஒரு மணிக்குத் துவண்டு தொங்கும். பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது. மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் பேசாமல் விட்டுவிட வேண்டும். நாலே முக்காலுக்குத் தானாக நிமிர்ந்துவிடுகிறது. புதினா குழாயடி நிழலில் அடர்ந்து கிடக்கிறது.

உன் பத்து மணிப் பூச்செடியில் புதன்கிழமை பதினொன்றரைக்கு எண்ணினேன், இருபத்தேழு பூ. எல்லாம் கருஞ்சிவப்பு. ஒன்றில் மட்டும் ஓரத்தில் வெள்ளைக் கீற்று.

பெட்டி விஷயம் எதற்கு இப்போது? நல்ல வாய்ப்பு, போகட்டுமே என்று இறக்கினேன், அவ்வளவுதான். நிரந்தரம் என்றால் சந்தோஷமாகச் சரி என்று எழுதிக் கொடு. ஆலையில் எல்லாம் வழக்கம்போல.

வீட்டுக்காரன்

* * *

ஏப்ரல் 14

வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை ஞாயிறன்று ஏரிக்கரை வரை நடந்துபோய் உட்கார்ந்து படித்தோம். படித்தது நான்தான். முதல் தடவை படித்தபோது சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது தடவை மூக்கில் வியர்த்தது.

பத்து மணிப் பூவை நீங்கள் எண்ணினீர்களா? ஆறு வருடமாக அது பூக்கிற செடி என்பதையே நீங்கள் நம்பியதில்லை. ஏழே முக்காலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி ஆறரைக்குத் திரும்பி, ஞாயிறு பகலைத் தூங்கியே கழிக்கிறவர் கண்ணுக்கு அது என்றைக்கும் மூடிய மொட்டுதான். "உன் செடி சரியான சோம்பேறி, கவர்ன்மெண்ட் ஆபீஸ்ல சேர்த்துவிடு" என்று கேலி செய்வீர்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன் என்று தப்பித்திருக்கலாம். ஆனால் நீங்கள் புதன்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள்.

சரி, மதியம் ஒரு மணிக்கு வெள்ளரி துவள்வது உங்களுக்கு எப்படித் தெரியும்? மண்ணில் விரல்விட்டுப் பார்க்கச் சொன்னது யார்? ஆண்பூ, பெண்பூ பாடம் யார் நடத்தியது? இதெல்லாம் பகல் முழுக்க வீட்டோடு இருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

நம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் பகல் முழுக்க இருக்கிறார். தையல்காரம்மா கைபட்டால் பட்டுப்போனதும் தழைக்கும் என்று நானே உங்களிடம் சொல்லியிருக்கிறேன். பின்கட்டுச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது? இதை நான் கேட்கும்படி ஆகிவிட்டதே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

பதினொன்றரைக்கு நம் தோட்டத்தில் யார் இருந்தது?

* * *

ஏப்ரல் 19

அம்மாளுக்கு,

சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. அந்தப் புதன்கிழமை எனக்குக் காய்ச்சல். லீவு போட்டுவிட்டு வீட்டில் கிடந்தேன். நீ கவலைப்படுவாய் என்று எழுதவில்லை. இதற்குப் போய் இத்தனை குறுக்கு விசாரணையா? உன்னிடம் வருகிற இரத்தம்கூட இவ்வளவு பாடுபட்டிருக்காது.

நீ கேட்டதால் நானும் ஒன்று கேட்கிறேன். ஏரிக்கரைக்கு "நடந்துபோய் உட்கார்ந்து படித்தோம்" என்று எழுதியிருக்கிறாய். படித்தது நீ. சரி, உட்கார்ந்தது யார் யார்? அந்த ஊரில் உனக்கு யாரையும் தெரியாது என்றுதானே ஸ்டேஷனில் கண்ணைக் கசக்கினாய்? நான் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. தெரிந்துகொள்ளலாமே என்று கேட்கிறேன்.

தோட்டம் நன்றாக இருக்கிறது. வெண்டை நன்றாக இருக்கிறது. பூசணி இரண்டு காய் பிடித்திருக்கிறது. பீர்க்கு சுவர்மேல் ஏறிவிட்டது. வெள்ளரி காய்த்துத் தள்ளுகிறது. ஒருத்தன் எத்தனைதான் தின்பது, அதனால் தையல்காரம்மாவுக்குக் கொஞ்சம் கொடுத்தேன். புதினாவும் நன்றாக இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

* * *

ஏப்ரல் 24

வீட்டுக்காரருக்கு,

ஏரிக்கரையில் என்னோடு உட்கார்ந்தது என் அறைத்தோழி. எக்ஸ்ரே பிரிவில் இருக்கிறாள். ஐம்பத்தோரு வயது. படுத்தால் குறட்டையில் ஜன்னல் கம்பி அதிரும். வேண்டுமானால் அவளையே எழுதச் சொல்கிறேன். நீங்கள் கேட்டதில் எனக்குக் கோபம் இல்லை. இன்னும் கேட்கத் தோன்றுகிறதே என்று, சொல்ல வெட்கமாக இருந்தாலும், ஒரு சின்ன சந்தோஷம்தான்.

ஆனால் நீங்கள் எனக்குச் சொன்ன பதில் செல்லாது. காய்ச்சல் ஒரு புதன்கிழமைக்கு. ஒரு மணிக்குத் துவள்கிற வெள்ளரி நாலே முக்காலுக்கு நிமிர்கிறது என்று சொல்ல எத்தனை நாள் காய்ச்சல் வேண்டும்? பூசணிப் பூ பத்து மணிக்குச் சுருங்குவதைப் பார்க்க எத்தனை நாள்? காய்ச்சலில் கிடந்தவர் பூவை எண்ணிக்கொண்டா இருந்தார்? என் காதில் பூச்சுற்ற வேண்டாம்.

இன்னொன்றும் கவனித்தேன். "யார்" என்று நான் கேட்டதும், நேரமே இல்லாமல் ஒரு கடிதம் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் "நன்றாக இருக்கிறது." கல்யாணத்துக்கு வந்தவர்கள் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்றுகூட மனதில் குறித்துவைத்த மனிதர் நீங்கள். உங்களுக்கு நேரம் மறக்காது. மறைக்கத்தான் செய்கிறீர்கள்.

வெள்ளரி கொடுக்க நீங்கள் அந்த வீட்டுக்குப் போனீர்களா, வாங்க அவர் நம் வீட்டுக்கு வந்தாரா? அதையும் சொல்லுங்கள்.

* * *

ஏப்ரல் 29

உனக்கு,

சுவருக்கு மேலே கை நீட்டிக் கொடுத்தேன். அவரும் கை நீட்டி வாங்கிக்கொண்டார். போதுமா?

தையல்காரம்மாவை இதில் இழுக்காதே. அவர் மரியாதையான மனுஷி. யாரைப் பற்றியும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதவர். இந்தத் தெருவில் அப்படி இன்னொருவரைக் காட்டு பார்க்கலாம்.

நான் உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். மே பதினைந்து நெருங்குகிறது. அந்த நிரந்தர வேலைக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இங்கே என்ன கொட்டிக் கிடக்கிறது என்று திரும்பி வரப் பார்க்கிறாய்? நான் என் பாட்டில் இருந்துகொள்வேன்.

பீர்க்கு பிஞ்சு விட்டிருக்கிறது.

* * *

மே 4

வீட்டுக்காரருக்கு,

இத்துடன் ஓர் உறை இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள், பிறகு மேலே படியுங்கள்.

ஏப்ரல் இருபத்து நான்காம் தேதி நான் இரண்டு கடிதம் தபாலில் போட்டேன். ஒன்று வீட்டுக்கு. மற்றொன்று உங்கள் பெயருக்கு, ஆலை வாசல் முகவரிக்கு. உள்ளே வெறும் வெள்ளைத்தாள்தான் வைத்தேன். அது உங்கள் கைக்கு வந்திருந்தால், "வெள்ளைத்தாளை எதற்கு அனுப்பினாய்" என்று நக்கலாக ஒரு வரி எழுதியிருப்பீர்கள். நானும் சந்தேகப் பேய் பிடித்தவள் என்று என்னையே திட்டிக்கொண்டு, இதை விட்டிருப்பேன்.

அது நேற்று திரும்பி வந்துவிட்டது. சிவப்பு மையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். "இந்தப் பெயரில் இங்கு பணியாளர் யாரும் இல்லை."

பதினாறு வருடம் நீங்கள் நின்ற வாசலில் உங்களை யாருக்கும் தெரியவில்லை. உறையைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எக்ஸ்ரேக்காரி வந்து, "யாராவது தவறிட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். அழுகைதான் வந்தது.

இத்தனை நாள் வீட்டுக்கு யாரோ வருகிறார்கள் என்று நினைத்தேன். இப்போது நீங்களே எங்கே போகிறீர்கள் என்று தெரியவில்லை. வேலையை விட்டுவிட்டு யாரோடு, என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? என்னைப் பெட்டியோடு ரயிலேற்றியது இதற்குத்தானா? அங்கேயே இருந்துவிடு என்று இப்போது விரட்டுவதும் இதற்குத்தானா?

இனி பூசணி, பீர்க்கு எதுவும் எழுத வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் பதினைந்தாம் தேதி கையெழுத்துப் போட்டுவிடுவேன். பிறகு அந்த வீட்டு வாசப்படி ஏறமாட்டேன்.

* * *

மே 7

அம்மாளுக்கு,

உறையைப் பார்த்தேன். அந்தச் சிவப்பு மைக் கையெழுத்து யாருடையது என்றுகூட எனக்குத் தெரியும். அவனோடு ஒன்பது வருடம் டீ குடித்திருக்கிறேன்.

ஜனவரி முப்பதாம் தேதி, நாலு இருபதுக்கு என்னை அனுப்பிவிட்டார்கள். வாசலில் கேமரா வைத்துவிட்டார்கள். லாரி நம்பரை அதுவே படிக்கிறது, நேரத்தையும் அதுவே பதிகிறது. மேனேஜர் நல்ல மனிதர்தான். "நீங்க தப்பு ஒண்ணும் பண்ணலை. இனிமே எழுதறதுக்கு ஆள் வேணாம், அவ்வளவுதான்" என்றார். கையில் ஏதோ கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் ஓடுகிறது.

அன்று சாயங்காலமே உன்னிடம் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். நீ வெண்டை விதையைத் தண்ணீரில் ஊறப்போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், உன் பெயரும் போயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் வழக்கம்போல ஏழே முக்காலுக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பினேன். நீ ஊருக்குப் போகும்வரை அப்படித்தான். பேருந்து நிலையத்தில், கடைசி நடைமேடையில், தூண் மறைவில் உட்கார்ந்திருப்பேன். பன்னிரண்டரைக்கு டப்பாவைத் திறப்பேன். நீ காலையில் எழுந்து கட்டிக்கொடுத்தது. அதைச் சாப்பிடும்போது திருடித் தின்பதுபோல இருக்கும்.

பிறகு உத்தரவு வந்தது. என் காலில் கட்டுப் போட்டிருந்த வருடம் உனக்கு இதேபோல ஒன்று வந்ததும், நீ அதைக் கிழித்துப் போட்டதும் எனக்கு மறக்கவில்லை. வேலை போய்விட்டது என்று தெரிந்தால் இந்த முறையும் கிழித்திருப்பாய். அதனால்தான் பெட்டியை இறக்கினேன். "ஒண்ணும் ஆயிடாது" என்று சொன்னது பொய். சொல்லிவிட்டு நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, நீயும் கவனித்திருப்பாய்.

நீ போன மறுநாளும் ஏழே முக்காலுக்குச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தெருமுனைவரை போனபிறகுதான், யாரை ஏமாற்ற இந்த வேஷம் என்று தோன்றியது. திரும்பி வந்து பின்பக்கப் படியில் உட்கார்ந்தேன். எதிரே உன் செடி. பத்து மணிக்கு மேல் ஒவ்வொன்றாக விரிந்தது. ஆறு வருடம் கேலி செய்ததற்கு அதனிடம் மன்னிப்புக் கேட்டேன். யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை. செய்வதற்கு வேறு எதுவும் இல்லாமல் காலையிலிருந்து இருட்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன், அதனால் தெரிந்தது. பார்த்ததை எழுதிவைத்தேன். நேரம் எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று உறைக்கவே இல்லை.

நாலு இடத்தில் வேலை கேட்டேன். வயதைக் கேட்டுவிட்டு, சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். பகலில் தெருப்பக்கம் தலைகாட்டுவதில்லை. கடைக்குப் போவதென்றாலும் ஆறரைக்கு மேல்தான், வேலையிலிருந்து வருகிறவன்போலப் போவேன். தையல்காரம்மாவுக்குத் தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் நாள் முழுக்க இருமுவது கேட்காமலா இருக்கும்? முதல் வாரம், "லீவா?" என்று கேட்டார். நான் குனிந்து களை பிடுங்கினேன். அதன்பிறகு அவர் கேட்கவே இல்லை.

இவ்வளவுதான். வேறு யாரும் இல்லை.

வீட்டில் இருப்பவன்

* * *

மே 11

உங்களுக்கு,

கடிதத்தை நான்கு தடவை படித்தேன். எங்காவது பொய் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஸ்லைடைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. வேறொருத்தி இருந்திருந்தால் உங்களை வாய்க்கு வந்தபடி திட்டி, அவளையும் திட்டி, அழுது தீர்த்திருப்பேன். இப்போது நான் யாரைத் திட்டுவது? அந்தக் கேமராவையா?

நாலு வாரம் நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டைத் தூண் மறைவில் வைத்துத் தின்றிருக்கிறீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தையல்காரம்மாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அவரைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் எண்ணினால் உடம்பு கூசுகிறது. அவரிடம் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவருக்கும் அசிங்கம்.

ஆனாலும் உங்கள்மேல் கோபம் ஆறவில்லை. வேலை போனதற்காக இல்லை. நான் போகவேண்டும் என்று நீங்களே முடிவு செய்தீர்கள். நான் இங்கேயே இருக்கவேண்டும் என்றும் நீங்களே முடிவு செய்தீர்கள். ஒருமுறைகூட என்னைக் கேட்கவில்லை. காலில் கட்டுப் போட்டிருந்தபோது அந்த உத்தரவைக் கிழித்தது நான். அதற்காக நான் வருத்தப்பட்டதாக உங்களிடம் யார் சொன்னது? நீங்களே நினைத்துக்கொண்டு, நீங்களே தியாகம் செய்து, நீங்களே பொய் சொல்லி, நடுவில் நான் பாவி ஆனேன். மூன்று மாதமாக, என் வீட்டுக்காரருக்கு நான் வேண்டாதவள் என்று நினைத்துக்கொண்டு அடுத்தவர்கள் இரத்தத்தில் கிருமி தேடிக்கொண்டிருந்தேன். அதை யார் எனக்குத் திருப்பித் தருவது?

இன்று டாக்டரம்மாவிடம் போய் இன்னும் பத்து நாள் அவகாசம் கேட்டேன்.

"ஏன், வீட்ல வேணாங்கறாரா?" என்றார்.

"இல்ல டாக்டர். அவர் சரின்னு சொல்லிட்டார். நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசணும். அது இன்னும் நடக்கலை" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு நான்கு நாள் லீவும் சேர்த்துக் கொடுத்தார்.

நான் அங்கே வருவதா, இங்கேயே இருப்பதா, நீங்கள் என்னோடு இந்த ஊருக்கு வந்து வேறு வேலை தேடுவதா, எதுவும் எனக்கு இப்போது தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டேன். நீங்கள் எனக்குச் செய்ததை நான் உங்களுக்குச் செய்யமாட்டேன். நேரில் வைத்துப் பேசுவோம். மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்தால் வரட்டும். நாலாவது நிமிடமும் பேசுவோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பகல் வண்டியில் வருகிறேன். இரண்டே காலுக்கு வண்டி வந்துவிடும். வீட்டுக்கு நானே வந்துவிடுவேன் என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். நீங்கள் ஸ்டேஷனுக்கு வாருங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நம் தெரு வழியாகவே நடந்து வாருங்கள். வேலை நாள்தான். தெரு பார்த்தால் பார்க்கட்டும்.